ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு?

சென்ற மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில், இந்தத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதாக வந்த மிட்வைஃப்களான உங்களில் சிலரைப் பார்த்தேன். சீருடை புதிது, கைப்பை புதிது, பையின் பக்கத்தில் செருகியிருந்த தண்ணீர்ப் போத்தலும் புதிது. உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. நானும் கிட்டே வந்து பேசவில்லை. ஓய்வு பெற்ற மிட்வைஃப் ஒருத்தி பஸ் நிலையத்தில் வழிமறித்துப் புத்தி சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அந்தப் போத்தல் அன்றிலிருந்து என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

போத்தலைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஏற்றத்தில் தாகம் எடுக்கும். ஆனால் தொழிலாளர் லயத்தில், வரிசையாய் ஒட்டிய வீடுகளில் ஒன்றுக்குள் கால் வைத்ததும் அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள். அவர்கள் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடியுங்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. நான் வேலையில் சேர்ந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு மலையேறிய, தோட்டத்துச் சனங்கள் மிஸ்ஸி என்று கூப்பிட்ட, மூத்த மிட்வைஃப் சொன்னது. கட்டையான உருவம், வாயில் எப்போதும் வெற்றிலை, நடையில் எங்கள் எல்லோரையும் தோற்கடிப்பார். "குடிக்கக் குடுத்தா ஒக்காந்து குடிச்சிட்டு வா. அந்த நேரத்துலதான் வீடு கண்ணுக்குத் தெரியும்" என்றார். நான் தலையை ஆட்டினேன், செய்யவில்லை. காரணம் பெருமை இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு கோப்பை, ஒதுங்க மலையில் ஓர் இடம் கிடையாது. பெண் பிள்ளைகளான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. "வயிறு சரியில்லீங்க" என்று சொல்லிச் சொல்லியே பல வருடம் ஓட்டினேன். ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாமல் போனது. அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அந்தக் காலத்துச் சாப்பாடுதான் சாப்பாடு என்று பாட்டுப் பாடுகிற கூட்டத்தில் நான் இல்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானம் காலையில் சுட்டதே, இரவில் சோறும் தண்ணீராய் ஒரு பருப்பும் என்று இருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். இரத்தம் இல்லாமல் வெளுத்துப்போன தாய்மார்களைக் கைத்தாங்கலாய் லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பசி என்பது எங்களுக்குத் தெரிந்த எதிரி. அதை எப்படிப் பிடிப்பது என்று படித்துக்கொண்டுதான் வந்தோம். பிறகு ரோட்டு வளைவில் கடை வந்தது. கடை வாசலில் பைக்கற்றுகள் தோரணமாய்த் தொங்கின. நூடில்ஸ், சோடா, கிரீம் வைத்த பிஸ்கட். வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச வருடங்களில், எடை போதாத குழந்தையையும் சீனி வியாதிக்காரத் தாயையும் ஒரே காம்பரா அறைக்குள் பார்க்கத் தொடங்கினேன். இதை எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாரியாயிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, கணவர் இல்லை. ஒரே மகள் தர்சினி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். லயத்தின் கடைசிக் காம்பராவில் மாரியாயி தனியாக இருந்தாள். சீனி வியாதிக்கு மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுப்பாள், ஒரு மாதம் தவறமாட்டாள். மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவாள். ஆனாலும் இரத்தத்தில் சீனி இறங்க மறுத்தது. அந்த நேரம் பார்த்து மலையில் அவள் வலது காலில் அட்டை கடித்தது. நமக்கு அது ஒரு விஷயமா? சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் போய்விடுவோம். அவள் சொறிந்தாள், சொறிந்த இடம் புண்ணானது, புண் பெருவிரல் பக்கம் இறங்கியது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலியும் தெரியவில்லை. வலிக்காத புண்ணைப் போல் மோசமான புண் கிடையாது, அதை மறக்காதீர்கள்.

கிளினிக் டாக்டர் சிங்களப் பையன், நல்லவன். வாசலுக்கு வெளியே வரிசை நீண்டுகொண்டே போனதில் களைத்துப் போயிருந்தான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்று நான்தான் மொழிபெயர்த்தேன்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களான்னு கேக்கிறாரு."

"இல்லீங்க மிஸ்ஸி. ஒரு சொட்டுப் போடுறதில்ல. மாரியம்மா மேல சத்தியம்."

டாக்டர் பரிசோதனைத் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னிடம் சிங்களத்தில் சொன்னான்: பொய் சொல்கிறார், இப்படியே போனால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும், அதை அப்படியே சொல்லுங்கள் என்று. நான் அப்படியே சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பொய் சொல்லலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டி நொண்டி வெளியே போனாள்.

அந்தக் குரல் என்னை விடவில்லை. பொய் சொல்கிறவர்கள் கோபப்படுவார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. அவளுக்கு அந்தக் கால் எதற்கு என்று எனக்குத் தெரியும். மலைக்குப் போக முடியாவிட்டால் யாராவது வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய மகள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி வந்தால் இருவருக்கும் பிழைப்பு கிடையாது.

அந்த வாரம் ஒரு பின்னேரம் புண்ணுக்கு மருந்து கட்ட அவள் வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மருந்து கட்டி முடித்தபோது வேகம் குறைந்தது, ஆனால் மழை விடவில்லை. முன் திண்ணையான இஸ்தோப்பில் இருந்த ஒரே கதிரையில் என்னை உட்காரவைத்துவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை என்று வாயெடுத்தேன். "டாக்டரும் நம்பல, நீங்களும் குடிக்கலேன்னா நான் எங்க போறது மிஸ்ஸி?" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அவளும் எதிரே பலகையில் உட்கார்ந்தாள். கையில் வெறும் சாயத்தண்ணி. "பாருங்க, சீனி போட்டிருக்கேனா?" என்று கோப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உண்மைதான், கறுப்பாய்க் கசக்கிற சாயம். பிறகு இடது உள்ளங்கையைத் திறந்தாள். அதில் ஒரு குவியல் சீனி. ஒரு நக்கு நக்கினாள், ஒரு மிடறு குடித்தாள். மறுபடி ஒரு நக்கு, ஒரு மிடறு.

நீங்களும் இந்த மலையில் பிறந்தவர்கள்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் குடித்திருப்பார்கள். அவளைப் பொறுத்தவரை சீனி போட்ட தேத்தண்ணி வேறு, சீனியைத் தொட்டுக்கொண்டு குடிக்கிற சாயத்தண்ணி வேறு. டாக்டர் கேட்டது முதலாவதைப் பற்றி. அவள் சொன்ன பதில் முழு உண்மை. நான் விளக்கிச் சொன்னதும் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மழைக்குள் இரண்டு பைத்தியங்கள் போல் சிரித்தோம்.

சிரித்து முடித்தபோதுதான், திறந்த கதவு வழியே, வீடு என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மூத்த மிஸ்ஸி சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது. லயத்தில் எல்லா வீட்டிலும் அடுப்புப் புகைகிற நேரம் அது. பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரிகிற வாசம் வந்தது. இவள் அடுப்பில் சாம்பல்கூட இறுகிப்போயிருந்தது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தது மின்சாரக் கேத்தலில். சட்டி பானைகள் கழுவிக் கவிழ்த்தபடி தூசி பிடித்துக் கிடந்தன. சுவரில் அடித்த பலகைத் தட்டு நிறையப் பிஸ்கட், மால்ட் டின், பால்மா, நூடில்ஸ், பளபளக்கும் தாளில் சொக்லேட். தர்சினி குவைத்திலிருந்து ஹட்டன் கடை ஒன்றுக்குச் சொல்லிவிட, ஆட்டோவில் வந்து இறங்குகிற சாமான்கள்.

"சமைக்கிறதே இல்லையா மாரியாயி?"

"ஒருத்திக்கு எதுக்கு மிஸ்ஸி அடுப்பு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். தினம் என்னதான் சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். காலையில் பிஸ்கட்டும் சாயத்தண்ணியும், மத்தியானம் மலையில் யாராவது கொடுக்கும் ரொட்டித் துண்டு, இரவில் கேத்தல் தண்ணீரை ஊற்றிய நூடில்ஸ். அவள் சாப்பாடு அவ்வளவுதான். சீனி உள்ளங்கையில் மட்டும் இல்லை.

அப்போது அவள் போன் அடித்தது. மாரியாயி அவசரமாய்த் தலையைக் கோதிக்கொண்டாள், கட்டுப்போட்ட காலைப் பலகைக்கடியில் இழுத்துக்கொண்டாள், தட்டிலிருந்து ஒரு மால்ட் டின்னை இறக்கிப் போனை அதில் சாய்த்துவைத்தாள். பிறகு ஒரு புதுப் பிஸ்கட் பைக்கற்றை உடைத்தாள். திரையில் தர்சினி தெரிந்தாள். பெரிய வெள்ளைச் சமையலறை ஒன்றின் மூலையில் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள். பேசும்போதே கண் அடிக்கடி கதவுப் பக்கம் போனது.

"அம்மா, சாப்பிட்டீங்களா? நான் அனுப்புன பிஸ்கட்டு வந்திச்சா?"

"வந்திச்சு சாமி. இந்தா, அதத்தான் திங்கிறேன்."

"தின்னுங்க, தின்னுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

மாரியாயி ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிஸ்கட் தின்றாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாளில் அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது மட்டும்தான். என் கையில் மருந்துப் பெட்டி இருந்தது. அதற்குள் இதற்கு ஒரு மருந்தும் இல்லை.

போன் வைத்த பிறகு மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கால் விசயம் அவளுக்குத் தெரிய வேணாங்க மிஸ்ஸி. அவ அங்க கண்ணீரக் குடிச்சுக்கிட்டு அனுப்புறா. நான் திங்கிறதப் பாத்தாத்தான் அவளுக்கு நித்திரை வரும். இது ஆகாதுன்னு சொன்னீங்கன்னா அவ மனசு ஒடஞ்சு போயிரும்." சொல்லமாட்டேன் என்றேன். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடம், அது சரியான பாடம்தான்.

உள்ளங்கைச் சீனியை அன்றே விட்டாள், வார்த்தை தவறாதவள். ஆனால் பிஸ்கட்டை விட முடியவில்லை. புண் கறுத்துக் காய்ச்சல் வந்தபோது ஆம்புலன்ஸில் அவளோடு நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெருவிரலை உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். மிச்சக் கால் தப்புமா என்று கேட்டேன். சீனி இறங்கினால் தப்பும், இறங்காவிட்டால் மறுபடி வருவீர்கள் என்றார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி மாரியாயி போனை என் கையில் திணித்தாள். "அவ கூப்புட்டா எடுக்காதீங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. வராந்தாவில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி, மறுபடி. அந்த வெள்ளைச் சமையலறையின் மூலையில், கதவைப் பார்த்துப் பார்த்து, அம்மா ஏன் எடுக்கவில்லை என்று தெரியாமல் ஒரு பெண் நிற்கிறாள். எடுத்தால் வாக்குத் தவறியவள் ஆவேன். எடுக்காவிட்டால் மாரியாயி வீட்டுக்குத் திரும்பி மறுபடி பிஸ்கட் பைக்கற்றை உடைப்பாள், அடுத்த முறை கால் போகும். கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நம் தொழிலில் பெரிய முடிவெல்லாம் இப்படித்தான் வரும், நாம் தனியாக நிற்கிற நேரம் பார்த்து.

எடுத்தேன்.

இறங்காத சீனியால் விரல் போவதைச் சொன்னேன். அதை எப்படியும் மறைக்க முடியாது. தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். அந்த வீட்டில் சத்தமாய் அழக்கூட அவளுக்கு இடமில்லை. பிறகு கேட்டாள்: "இனி என்னா அனுப்பட்டும் மிஸ்ஸி? சீனி இல்லாத பிஸ்கட்டு இருக்காமே, அத வாங்கி அனுப்பட்டுமா?"

நீ அனுப்பியதால்தான் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன். இத்தனை வருட வேலையில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அந்த விழுங்கல்தான் என்று நினைக்கிறேன். சொன்னது இதுதான்: "ஒண்ணும் அனுப்பாத தங்கச்சி. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கிறத விட்டுரு. அதுக்கு அம்மா எப்பவும் சாப்பிட்டேன்னுதான் சொல்லுவாங்க. 'சட்டியக் காட்டுங்க'ன்னு கேளு. தெனமும் கேளு."

மாரியாயி வீட்டுக்கு வந்ததும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மருந்து கட்டக் காலை நீட்டுவாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் வாங்கிக் கட்டிக்கொண்டது நியாயம்தான். ஆனால் அடுப்பில் புதுச் சாம்பல் இருந்தது.

ஒரு பின்னேரம் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். போன் அதே மால்ட் டின்னில் சாய்ந்திருந்தது. சட்டியில் முட்டைக்கோவாவும் பருப்பும்.

"கிட்டக் காட்டுங்கம்மா. ஆவி வரலியே? நேத்து வெச்சதா?"

"அடியே, இப்பத்தான்டி எறக்குனேன்! இந்தா பாரு!" என்று மாரியாயி சட்டியைப் போனுக்கு அடியில் பிடித்தாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து மகள் முகம் மறைந்தது. துடைத்துவிட்டு மாரியாயி கேட்டாள்: "என்னய மட்டும் கேக்கிற. நீ என்னா திங்கிற? ஒஞ் சட்டியக் காட்டு."

தர்சினி கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனைத் திருப்பினாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூடில்ஸ் கோப்பை. நின்றபடியே தின்கிறாள். அம்மாவுக்கு ஆட்டோ நிறையச் சாமான் அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளை இத்தனை காலமும் அதைத்தான் தின்றிருக்கிறாள். மாரியாயி சட்டியைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, "மிஸ்ஸி, இவளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். அன்றோடு எங்கள் சண்டை முடிந்தது.

கால் தப்பியது. விரல் இல்லாத காலுக்குச் சப்பாத்துக்குள் துணியை வைத்துக்கொண்டு அவள் மறுபடி மலைக்குப் போனாள். பலகைத் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாள். அதற்கு நான் இன்னொரு சண்டை பிடித்தேன், அது வேறு கதை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. கிளினிக் சுவரில் சாப்பாட்டுத் தட்டின் படம் ஒட்டியிருக்கிறது. கால் பங்கு இது, அரைப் பங்கு அது என்று நிறம் நிறமாய்ப் போட்டிருக்கிறார்கள். நல்ல படம்தான். தட்டுக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதில் போடவில்லை. அதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். தேத்தண்ணி ஆறும் வரை உட்கார்ந்தால் பார்த்துவிடலாம்.

நான் இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி அறையில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். தம்பி பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள், தீபாவளிக்குப் பேசுவார்கள். வேலையில் இருந்த காலத்தில் ஒரு மலை நிறையப் பேர் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிட்டார்கள். இப்போது சில நாட்களில் என் குரலை நானே கேட்பதில்லை. கீழே பஸ் சத்தம் அடங்கிய பிறகு அறை ரொம்பப் பெரியதாகிவிடுகிறது. சமைக்கத் தோன்றுவதில்லை. கிரீம் கிரேக்கர், சாயத்தண்ணி, பிறகு நித்திரை. போன முறை பரிசோதித்தபோது எனக்கும் சீனி ஏறத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். எந்த வாயால் நான் யாருக்குப் புத்தி சொல்வது?

இதைத் தெரியாத்தனமாய் மாரியாயியிடம் போனில் உளறிவிட்டேன். அன்றிலிருந்து மகளோடு பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடுகிறாள். தினமும். போனில் அவள் முகம் பாதிதான் தெரியும், மிச்சமெல்லாம் கூரைத் தகரம்.

நேற்றும் கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி, சட்டியக் காட்டுங்க."

முந்தின நாள் சோறு கொஞ்சம் சட்டியில் இருந்தது. அதை எடுத்துப் போனுக்கு நேரே காட்டினேன். மாரியாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆவி இல்லியே மிஸ்ஸி."

"ஒருத்திக்கு எதுக்கு மாரியாயி..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவள் போனை வைக்கவில்லை. தன் சட்டியை முன்னால் இழுத்துவைத்தாள், தட்டை எடுத்தாள், ஆனால் சோறு போடவில்லை. "ஆக்குங்க. நான் இருக்கேன்" என்றாள்.

போனைச் சீனி டின்னில் சாய்த்துவைத்துவிட்டு எழுந்து அரிசி கழுவினேன்.